கடிபட்ட குமிழ்

“ரெண்டு நாளுதான பாய்?”

“ரெண்டு நாளுன்னா ரெண்டு நாளு. நான் இன்னா இத்த துன்னப் போறேனா?”

“அதுக்கில்ல. ஆறு வருசமா இது இந்தக் குடிசைய வுட்டு வெளிய போனதில்ல.”

“எங்க போவப் போவுது? அதோ தெரியுது பாரு, அந்தக் கெடங்குக்குத்தான் வருது. மொதல்ல இது எங்க வூட்டு சாமான். குப்பையில கெடந்தத நீதான பொறுக்கியாந்த? மறந்துட்டியா?”

காசியம்மாள் மறக்கவில்லை. மறக்கக்கூடியவளாக இருந்தால் அந்தப் பொருளை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்க மாட்டாள். கூரையிலிருந்து தொங்கிய, இறால் போடும் பழைய ஓலைப் பறிக்குள் கையைவிட்டு, ஒரு துணி முடிச்சை எடுத்து, அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கத்தான் கை வரவில்லை.

மக்பூல் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் வெள்ளைச் சட்டையில் கருவாட்டு வாடை ஏறிவிடும் என்பது அவன் கவலை. ஒரு கையில் கைக்குட்டையை மூக்குக்கு அணை கொடுத்து, இன்னொரு கையை நீட்டியபடி இருந்தான்.

பழவேற்காட்டில் பல்செட் கட்டுபவன் அவன் ஒருவன்தான். பட்டணத்தில் ஒரு சீனாக்காரர் கடையில் எட்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். ஊரில் நாற்பதைத் தாண்டிய வாய்களில் பாதி அவன் கை பட்டவை. அதனாலேயே ஊரில் ஒருவரையும் அவனால் மதிக்க முடியவில்லை. எதிரே வருகிறவர் சலாம் சொன்னால் அவனுக்கு முகம் தெரியாது. புகையிலைக் கறை தெரியும், ஆடுகிற கடைவாய்ப் பல் தெரியும். செட்டைக் கட்டிக்கொண்டு போய் அன்றைக்கே நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டு வரும் ஜனங்கள் என்று மனைவியிடம் தினமும் காறித் துப்புவான்.

அவன் வாங்க வந்தது ஒரு சிவப்புக் குமிழ். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற அளவு. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்.

இருபது வருஷத்துக்கு முன் அவன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் பொம்மை ஒன்று கொண்டுவந்தான். தகரத்தில் செய்த விண்வெளிக் கப்பல். பேட்டரி போட்டால் விர்ரென்று தரையில் ஓடும்; சுவரில் முட்டினால் தானாகத் திரும்பிக்கொள்ளும்; உச்சியில் இந்தக் குமிழுக்குள் ஒரு பல்பு விட்டு விட்டு எரியும். உப்புக் காற்றில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்தபின் மிச்சத்தைக் கொல்லைப்பக்கம் எறிந்தார்கள். இறால் கொடுக்க வந்த காசியம்மாள் குமிழை மட்டும் தன் மகன் துளசிங்கத்துக்கு எடுத்துப் போனாள்.

போன மாதம் பட்டணத்துக்குப் பல்செட் வார்க்கும் பவுடர் வாங்கப் போன மக்பூல், சென்ட்ரலுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடையில் அதே கப்பலைப் பார்த்தான். ஒன்றல்ல, ஒரு அலமாரி நிறைய. எல்லாம் மொட்டைத் தலை. குமிழ் லேசாக அழுத்திப் பொருத்தியதுதான் என்பதால் விரலால் தட்டினாலே கழன்று தொலைந்துபோகும். கடைக்காரர் சீனிவாசன் அலுத்துக்கொண்டார். பட்டணத்துக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் துரை ஒருவர் இந்தக் கப்பல்களைச் சேர்க்கிறாராம். முழுசாக இருந்தால்தான் வாங்குவாராம்.

“நாப்பது வயசு ஆளு ராக்கெட் பொம்மைக்கு அழுவுறான்னா அவனுக்கு மண்டையில இன்னா இருக்கும்?” என்று சிரித்தான் மக்பூல். பிறகு, “அசல் ஒண்ணு கெடைச்சா எத்தினி வேணும்னாலும் நான் வார்த்துத் தரேன்” என்றான்.

அந்த அசலுக்காகத்தான் இன்று இந்தக் குடிசை வாசல்.

“பாய், இதுல பல்லுத் தடம் கீது பாரு,” என்றாள் காசியம்மாள். “அத்த மட்டும் ஒண்ணும் பண்ணிடாத.”

ஏரியில் இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து போவார்கள். அகப்பட்டதைப் பறிக்குள் போடுவார்கள். அம்மாவைப் பார்த்துப் பிள்ளையும் பழகினான். அவனுக்குப் பறி கிடையாது. குமிழின் விளிம்பைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்குவான். ஒரு ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்ட அன்று வெள்ளம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் அதே இடத்தில் இறங்கித் தடவியவளின் கையில் சேற்றுக்கடியிலிருந்து இது ஏறியது.

“போட்டோன்னு ஒண்ணு எடுத்ததில்ல பாய். அவன் வாயி இதுலதான் கீது. ஆடி அமாவாசைக்கு இத்த வெச்சுதான் படைக்கிறேன்.” கட்டை விரலால் விளிம்பைத் தடவினாள். “முன்னாடி ரெண்டு பல்லு வுழுந்துருந்துச்சு. சாணியில உருட்டிக் கூரை மேல போட்டேன். மொளைக்கிறதுக்குள்ள போய்ட்டான்.”

“சரி, சரி. குடு.”

அவள் கொடுத்தாள்.

*

மக்பூலின் பட்டறை ஒல்லாந்தர் காலத்துக் கிடங்கு ஒன்றின் கடைசி அறை. முழங்கை நீளத் தடிமனுள்ள சுவர்கள், ஒரே ஒரு சின்ன ஜன்னல். நட்ட நடுப்பகலிலும் உள்ளே மாலை ஆறு மணி மாதிரிதான் இருக்கும். பல் பவுடரில் ஊற்றும் திரவத்தின் தித்திப்பான நெடி சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. அலமாரியில் வரிசை வரிசையாக, அச்செடுக்கும் சுண்ண மாவில் வார்த்த வாய்கள், பெயரெழுதிய சீட்டு ஒட்டி, திறந்தபடி.

குமிழை ஜன்னலடியில் வைத்துப் பார்த்தான். விளிம்பின் உட்புறம் கீழ்வரிசைப் பல் நான்கும் சீராகப் பதிந்திருந்தன. வெளிப்புறம் ஓரப் பற்கள் இரண்டும், நடுவில் வெற்றிடமும். பால்பல் விழுந்த இடம். கோடு கிழித்த மாதிரி ஏழு வயது. எந்தத் தடத்தைப் பார்த்தாலும் வயதைச் சொல்லிவிடுவான். அவ்வளவு தெரிந்த தொழில்.

முதலில் உள்ளபடியே ஒன்று வார்த்தான். குமிழை மாவுக்குள் பதித்து, காய்ந்ததும் இரண்டாகப் பிரித்து, குமிழை எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் சிவப்பு கலந்த பவுடரை அடைத்து, பித்தளைப் பெட்டியில் இறுக்கிக் கொதிநீரில் போட்டான். ஒரு மணி நேரம் கழித்து மாவை உடைத்து எடுத்தால் அச்சு அசலாக இன்னொரு குமிழ். பல் தடம் உட்பட.

இங்கேதான் ஒரு சிக்கல். கடித்த குமிழை எந்தத் துரையும் வாங்க மாட்டான். ஒவ்வொன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கினால் அளவு கெடும். வார்த்ததிலிருந்து மறுபடி வார்த்தாலும் மயிரிழை சுருங்கும். கப்பலில் பொருந்தாமல் ஆடும். அப்படியானால் ஒரே வழி. அசலையே பூசி, தேய்த்து, தடத்தை அழித்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வார்த்தாலும் சுத்தமாக வரும்.

காசியம்மாளுக்கு? தடத்தோடு வார்த்த அந்த முதல் குமிழ் இருக்கிறதே. அவளுக்கு வேண்டியது பல் தடம். அது அதில் இருக்கிறது. அச்சுக்கும் அசலுக்கும் என்ன வித்தியாசம்? ஆள் செத்துப்போனாலும் அச்சு இருந்தால் அவருக்குப் பல் கட்டலாம். அதுதானே அவன் தொழிலே. சேற்றில் கிடந்து இறால் தடவுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

பள்ளங்களைச் சிவப்புப் பசையால் அடைத்துக் காயவிட்டு, மெருகு போடும் மோட்டாரை ஓட்டினான். குமிழின் விளிம்பு சக்கரத்தில் பட்டதும் சிவப்புத் தூள் பறந்தது. தடம் மறைய மறைய மோட்டார் ஒரு கணம் திணறி நின்றது. யாரோ சக்கரத்தைக் கவ்விக்கொண்ட மாதிரி.

“வோல்டேஜே இல்லாத ஊரு,” என்று திட்டிக்கொண்டே அழுத்தினான். ஓடியது.

சொன்ன சொல் தவறாமல் மூன்றாம் நாள் காலையிலேயே குடிசைக்குப் போய்க் குமிழைத் திருப்பிக் கொடுத்தான். காசியம்மாள் வாங்கியவுடன் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு கட்டை விரலை விளிம்பில் ஓட்டினாள்.

விரல் நின்றது.

“சின்னதா கீது பாய்.”

“இன்னா சின்னது? உன் கை தண்ணியில ஊறிப் பெருத்துப் போயிருக்கு. அதான்.”

“ஊறுன கையிதான் பாய் சேத்துக்குள்ள கல்லையும் இறாலையும் பிரிக்குது.”

“தடம் கீதா இல்லியா? பாத்துச் சொல்லு!”

“தடம் கீது,” என்றாள் மெதுவாக. “கடிச்சவன் இல்ல.”

மக்பூல் சிரித்துவிட்டுத் திரும்பி நடந்தான். ராத்திரி சோற்றின்போது இதைச் சொல்லி மனைவி உம்மு ஹானியையும் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. “பெத்தவகிட்டப் போயி ஏமாத்து வேல,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் மூளை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

*

முதல் வாரம் வார்த்தவை கண்ணாடி போல வந்தன. சீனிவாசன் முப்பது கேட்டு எழுதினார். ஆடி அமாவாசை முடிந்ததும் துரை ஊருக்குக் கிளம்பிவிடுவாராம், அதற்குள் வேண்டும். பொருத்திப் பார்க்க ஒரு மொட்டைக் கப்பலையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

இரண்டாம் வாரம் மாவை உடைத்தபோது விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது.

குமிழி, என்று நினைத்தான். மாவில் காற்றுக் குமிழி இருந்திருக்கும். தேய்த்து எடுத்தான். அடுத்ததிலும் கோடு. அதற்கடுத்ததில் கோடு இல்லை. உட்புறம் நான்கு பள்ளம், வெளிப்புறம் இரண்டு.

அசலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழவழப்பாக இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை.

இல்லாத தடம் வார்ப்பில் எப்படி வரும்?

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தான். வெளிப்புறத் தடத்தின் நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் முழு வெற்றிடம் அல்ல. மெல்லியதாக, முத்து முத்தாக, மும்மூன்று புள்ளிகள் இரண்டு இடத்தில்.

அது என்ன என்பது ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும்போது அதன் நுனி ரம்பம் மாதிரி மூன்று முனையோடு இருக்கும். கடித்துக் கடித்துத் தேயத் தேயத்தான் சமமாகும்.

இப்போதுதான் முளைத்த பல்.

“போடா மடையா,” என்று தன்னையே திட்டிக்கொண்டான். கல்லாகிப்போன பழைய மாவு, கலப்படப் பவுடர், பவுடர் விற்ற பட்டணத்துக் கடைக்காரன் ஒரு திருட்டுப் பயல். எல்லாவற்றையும் தேய்த்து, மெருகேற்றி, எண்ணிப் பெட்டிக்குள் வைத்தான்.

அன்று பிற்பகல் வானம் மூடிக்கொண்டிருந்தது. கடைசியாக வார்த்த குமிழைப் பொம்மைக் கப்பலில் அழுத்திப் பொருத்தி, பேட்டரி போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. கப்பல் விர்ரென்று மேஜையில் ஓடி, சுவரில் முட்டி, திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டு உறுமியது. பல்பு எரிந்தது.

சுவர் முழுக்கச் சிவப்பாயிற்று.

அந்தச் சிவப்பில் ஒரு நிழல். குமிழின் விளிம்பில் அவன் தேய்த்து அழித்திருந்த தடங்கள் சுவரில் பெரிதாகிக் கிடந்தன. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை.

பல்பு அணைந்தது. எரிந்தது.

வரிசைகள் மூடின. திறந்தன.

அலமாரியில் அவன் வார்த்து வைத்திருந்த மாவு வாய்கள் எல்லாம் அந்தச் சிவப்பில் நனைந்து அசைவற்று இருந்தன. சுவரிலிருந்த வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

பாய்ந்துபோய்ப் பேட்டரியைப் பிடுங்கினான். உறுமல் நின்றது. அடுப்பில் பித்தளைப் பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. பல் பவுடரின் தித்திப்பு நெடி அறையில் இல்லை. அதற்குப் பதில் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்தபின் அடிக்குமே, கறுப்புச் சேற்றின் அழுகல் வாடை, அது இருந்தது. பானையின் மூடியைத் தூக்கினான். காலையில் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றிய தண்ணீர். ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

கரித்தது.

*

பெட்டி பட்டணம் போன நாலாம் நாள் திரும்பி வந்தது. கூடவே சீனிவாசனின் கடிதம்.

“மக்பூல் பாய், உம்ம கைத்திறமையை நம்பினதற்கு எனக்கு நன்றாக வேண்டும். துரை முன்னாடி பெட்டியைத் திறந்து அவமானப்பட்டேன். முப்பதையும் யார் கடித்தது? வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர் என்று எத்தனை முறை சொல்வது?”

மக்பூலுக்குப் பிள்ளைகள் கிடையாது.

குமிழ்களை மேஜையில் கொட்டினான். வார்த்த வரிசைப்படி எண் போட்டிருந்தான். அந்த வரிசையில் அடுக்கினான். முதலாவதில் மும்மூன்று புள்ளிகள். ஐந்தாவதில் புள்ளிகள் சேர்ந்து கோடாகியிருந்தன. பத்தாவதில் முன்பல் இரண்டும் முழுசாக, அகலமாக. பதினெட்டாவதில் பக்கத்துப் பால்பற்களும் விழுந்து புதிது வந்திருந்தன. இருபத்து நான்காவதில் கோரைப்பல். முப்பதாவதில் தாடை அகன்று, கடி விளிம்பையும் தாண்டிக் குமிழின் முதுகு வரை ஏறியிருந்தது.

எழுபத்தேழாம் வருஷம் துளசிங்கத்துக்கு ஏழு வயது. இது எண்பத்து மூன்று.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனின் வாய் அவன் மேஜை மேல் வளர்ந்திருந்தது. நல்ல வரிசை. ஒரு பல் கோணல் கிடையாது. இவ்வளவு ஒழுங்கான பல்வரிசையை இந்த ஊரில் அவன் பார்த்ததேயில்லை.

அன்று பகல் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் மனைவியின் குரல் கேட்டு விழித்தான்.

“இன்னாங்க இது? எவ கடிச்சா?”

“எவளா?”

“கையைப் பாருங்க.”

இடது முன்கையில் இரண்டு வளைவு. சிவந்து, ஈரமாக. தோல் கிழியவில்லை. பதிந்திருந்தது.

“தூக்கத்துல நானே கடிச்சிக்கினு இருப்பேன்.”

உம்மு ஹானி தலைமாட்டைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எதால? உங்க பல்லுதான் டம்ளர்ல கெடக்குதே.”

உண்மைதான். மேல்செட்டும் கீழ்செட்டும் தண்ணீருக்குள் கிடந்தன. ஊர் வாயையெல்லாம் இகழ்ந்தவனுக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. பொக்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். டம்ளரில் கைவிட்டுச் செட்டை எடுத்தான். விரலில் வழுவழுவென்று ஏதோ ஒட்டியது.

சேறு.

“அது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள் அவள். குரல் அடங்கியிருந்தது. “போயி குடுத்துட்டு வாங்க. இன்னிக்கு அமாவாசை. அவ படைப்பா.”

*

அவன் போனபோது குடிசை திறந்து கிடந்தது. தரையில் இலை இல்லை, விளக்கு இல்லை, படையல் போட்ட அடையாளம் எதுவும் இல்லை. கூரையில் தொங்கிய பழைய பறி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

காசியம்மாள் ஏரியில் இருந்தாள்.

உச்சி சாய்ந்த வெயில். தண்ணீர் ஈயம் காய்ச்சி ஊற்றியது போலக் கிடந்தது. கரையிலிருந்து இருபது அடியில் அவள் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. வாயில் பறிக் கயிறு. கண்கள் எங்கோ நிலைகுத்தியிருக்க, கைகள் அடியில் எதையோ தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தன.

“காசி! ஏ காசி! இப்டி வா!”

அவள் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. மக்பூல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். வெள்ளைச் சட்டை இடுப்பு வரை நனைந்தது. பையிலிருந்து வழவழப்பான அசலை எடுத்து நீட்டினான்.

“இந்தா. இதுதான் உன்னோடது. அன்னிக்கு மாறிப் போச்சு.”

பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் குமிழை வாங்கினாள். கட்டை விரலை ஓட்டினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

“இதுதான்,” என்றாள். “அளவு இதுதான். ஆனா எம்புள்ள இதுல இல்லியே பாய்.”

“லேசா மெருகு போட்டேன்.”

“நீ குடுத்தத அன்னிக்கே தண்ணியில போட்டுட்டேன். இது உன்னோடது இல்லடா, உன்னோடது பாய்கிட்ட கீதுன்னு அவங்கிட்ட சொன்னேன்.” பக்கத்தில் சும்மா கிடந்த தண்ணீரைக் காட்டினாள். “ஆறு வருசமா இந்தப் பக்கத்துலதான் என்கூடத் தடவிக்கினு வருவான். கைக்குக் கை இடிக்கும். அன்னிலேர்ந்து இல்ல. தேடிக்கினு கெளம்பிட்டான்.”

மக்பூல் கரைப்பக்கம் ஓரடி பின்வாங்கினான்.

அவள் சட்டென்று நெருங்கி வந்தாள். இதுவரை அவனிடம் குரல் உயர்த்தாதவள். இப்போதும் உயர்த்தவில்லை, கிசுகிசுத்தாள்.

“பாய், நீ பல்லு பாக்குறவன். சொல்லு. மொளச்சுதா?”

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

“மொளச்சுது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“வரிசையா கீதா? கோணல் மாணலா இல்லியே?”

“இல்ல,” என்றான். தொழில் தெரிந்தவனின் வாய் தானாகவே சொன்னது. “நல்ல வரிசை. முத்து மாதிரி.”

காசியம்மாளின் முகம் மலர்ந்தது. அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. வெற்றிலைக் காவி ஏறிய, பறிக் கயிற்றால் தேய்ந்த, அவன் எத்தனையோ முறை அருவருத்த பற்கள்.

“எனுக்குத் தெரியும்,” என்றாள். “அவங்க நைனாவுக்கும் வரிசைப் பல்லுதான்.”

குமிழை அவன் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினாள்.

“இத்த நீயே வெச்சிக்க.”

“காசி, வெளையாடாத. கூப்புடு அவன. இங்கியே வந்துரச் சொல்லு.”

“எதுக்கு பாய்? ஏரியில கெடந்த வரைக்கும் ஒரு பல்லு வந்துச்சா? உங்கிட்ட வந்துதான எல்லாம் மொளச்சுது.” கயிற்றைத் தோளிலிருந்து எடுத்தாள். “இன்னும் கடவாப் பல்லு வரணும். வளந்த ஆளாவணும். இருக்கட்டும், உங்கூடவே இருக்கட்டும்.”

கயிற்றைப் பல்லால் கவ்வினாள். இனி அவள் வாயிலிருந்து பேச்சு வராது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆழத்தை நோக்கி நகர்ந்தாள். கைகள் சேற்றுக்குள் போய்விட்டன.

மக்பூல் நின்றான். மூடிய கைக்குள் குமிழின் விளிம்பு உள்ளங்கையை உறுத்தியது. வழவழப்பாக இருந்த விளிம்பு. விரலை ஓட்டிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. ஆனால் விரல் தானாகவே போயிற்று.

கீழ்வரிசை. மேல்வரிசை. கோரைப்பல். அதற்கும் பின்னால், இதுவரை எதிலும் இல்லாத இடத்தில், அகலமாக ஒரு புதுப் பள்ளம்.

விரலுக்கடியில் அது ஆழமாகிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குள் அவன் இடது கையை எதுவோ மெல்ல இடித்தது. கைக்குக் கை இடிக்கிற மாதிரி.

“காசிம்மா,” என்றான். ஊரில் யாரையும் அவன் அப்படி மரியாதையாக அழைத்ததில்லை. மறுபடி கூவினான். கயிற்றைக் கடித்தபடி அவள் தலை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

“காசிம்மா… உன் காலப் புடிச்சிக் கேக்குறேன்… உன் புள்ளையக் கூப்ட்டுக்கம்மா…”